படம் வராது, விலை வரும்

இப்போது நீங்கள் வேலை பார்க்கும் அறையில் குளிர்சாதனம் ஓடுகிறது. நான் சேர்ந்தபோது இருந்த அறையில் மிளகாய் வற்றல் நெடிதான் ஓடும். தேனி கடைத்தெருவில் ஒரு வற்றல் மண்டியின் மாடியில், ஒரே ஒரு பெரிய மேசையும் வரிசையாக அடுக்கிய மோடம்களும்தான் நம் நிறுவனம். கீழே மூட்டை பிரித்தால் மேலே நாங்கள் தும்முவோம். தொலைபேசியில் வாடிக்கையாளர், "என்னம்மா, ஒனக்கும் சளியா?" என்று கேட்பார். அந்த நெடி இன்றைக்கும் எங்காவது மூக்கில் ஏறினால் எனக்கு மோடம்களின் பச்சை விளக்குகள்தான் நினைவுக்கு வருகின்றன.

நான் இந்த நிறுவனத்தை விட்டுப் போகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெறும் வயது இல்லை, முப்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஆனால் இந்தத் தொழிலில் பத்து வருடம் என்பது ஒரு ஆயுள். டயல்-அப் பிறந்ததையும் போனதையும் பார்த்துவிட்டேன். போவதற்கு முன் புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று அண்ணாச்சி சொன்னார். நம் முதலாளியை அன்றும் இன்றும் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறோம். எந்தக் கருவியை எப்படி இணைப்பது என்பதை உங்களுக்குச் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னமனூர்ப் பக்கம் வாழைத் தோட்டத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக்கும் போனேன், கம்ப்யூட்டர் படித்தேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. பெருமையாகவே சொல்கிறேன்.

சேர்ந்த புதிதில் என் வேலை, கடை கடையாக ஏறி இணைப்பு விற்பது. கடைத்தெருவில் நன்றாகவே விற்றேன். ஒரு மாதம் கழித்து ஒரு காய்கறி மொத்த வியாபாரி என்னைத் தெருவிலேயே நிறுத்தினார்.

"ஏத்தா, ஒன் இன்டர்நெட்டு வந்ததுல இருந்து என் கடைக்கு ஒரு போனும் வரமாட்டேங்குது. கேரளாக்காரன் லைன் கெடைக்கலைன்னு பக்கத்துக் கடைக்குப் போயிட்டான். ஒன்னைய அந்தக் கடைக்காரன்தான் அனுப்பிவிட்டானா?"

அவர் மகன் காலையிலேயே இணையத்தில் உட்கார்ந்துவிடுவான். இருந்தது ஒரே தொலைபேசி இணைப்பு; இணையம் ஓடும்போது அதில் போன் வராது. மார்க்கெட்டுக்கு உயிரே காலை நேரம்தான். அதற்குப் பிறகு எந்தக் கடையில் ஏறினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "உங்களுக்கு எப்ப போன் வரும்?" என்பதாகிவிட்டது. காய்கறிக் கடைக்கு மதியத்துக்கு மேல், நகைக்கடைக்குக் காலையில், வற்றல் மண்டிக்குச் சந்தை இல்லாத நாளில் என்று ஆளுக்கு ஒரு நேரம் சொல்லிக் கொடுத்தேன். நாம் என்ன விற்கிறோம் என்பதை விட, வாங்குகிறவருக்கு என்ன நின்றுவிடக் கூடாது என்பதுதான் முக்கியம். இது எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் புரிந்தது. முழுதாகப் புரிந்தது ஒரு தென்னந்தோப்பில்.

சில வருடங்களில் நாங்கள் வயர்லெஸ்ஸுக்கு வந்துவிட்டோம். பழனிசெட்டிபட்டியில் தொடங்கி, போடி, கம்பம் என்று கிளைகள் வைத்தோம். வைத்த வேகத்துக்கு வாடிக்கையாளர்கள் வரவில்லை. அப்போதுதான் போடியில் ஏலக்காய் ஏலம் நடத்தும் ஒரு மண்டபத்துக்காரர்கள் ஒரு யோசனையோடு வந்தார்கள். மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் கம்பத்தில் குடியிருக்கிறார்கள். தங்கள் காய் ஏலத்துக்கு வரும் நாளில், விலை பிடிக்கிறதா இல்லையா என்று சொல்வதற்காகவே அவர்கள் பஸ் ஏறிப் போடிக்கு வர வேண்டும். விலை பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம். ஆனால் நிறுத்த ஆள் அங்கே இருக்க வேண்டும். கம்பத்திலேயே உட்கார்ந்து ஏலத்தைப் பார்க்க வழி உண்டா என்று கேட்டார்கள்.

உண்டு என்றோம். மண்டபத்தில் கேமரா வைத்து, படத்தை நேரடியாகக் கம்பத்தில் பெரிய திரையில் காட்டுவோம் என்றோம். ஒரு நாள் ஏலத்தைச் சோதனையாகக் காட்ட வேண்டும். பிடித்தால் மண்டபமும் அதை நம்பிய வியாபாரிகள் அத்தனை பேரும் நம் வாடிக்கையாளர்கள். பிடிக்காவிட்டால் சென்னையிலிருந்து வந்து காத்திருந்த பெரிய நிறுவனத்துக்கு வேலை போய்விடும். போனால் போடி, கம்பம் கிளைகளை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அண்ணாச்சி எங்களிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார். அந்த இரண்டு கிளைகளுக்கும் பொறுப்பாளர் நான்.

போடிக்கும் கம்பத்துக்கும் நடுவே அலை தாண்டிப் போக ஒரு சிறு டவர் தேவைப்பட்டது. பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில், வீரணன் என்பவருடைய தென்னந்தோப்பில், மோட்டார் அறையின் மேல் அதை நட்டிருந்தோம். நட்டது பங்குனியில். இலை அசையாத வெயில். இரண்டு மரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் கம்பத்துத் திசை கண்ணாடி போலத் தெரிந்தது. ஆனி பிறந்ததும் இணைப்பு விட்டு விட்டு வந்தது. பெட்டியை மாற்றினோம், வயரை மாற்றினோம், மின்சாரத்தைக் குறை சொன்னோம். இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த நாங்கள் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம், காற்றைத் தவிர. ஆடிக் காற்று கணவாய் வழியாக இறங்கி வாழையைச் சாய்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் எல்லோரும். ஆனால் அலுவலகத்துக்குள் வந்துவிட்டால் கோளாறு பெட்டிக்குள்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. சோதனைக்கு முந்தின நாள்தான் எங்கள் என்ஜினியர் முருகேசன் சார் மோட்டார் அறை மேல் ஏறி நின்று பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். காற்றில் தென்னை மட்டைகள் அந்த இடைவெளியைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தன.

"நாலு மட்டையைக் கழிச்சா முடிஞ்சது" என்றார். வயரை இழுத்துக் கட்ட உதவுமென்று தேனியிலிருந்து பாண்டி என்ற மரமேறியையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

வீரணன் மரத்தடியில் வந்து நின்றார். கையில் மஞ்சள் கயிறு. "சார், நேத்துத்தான் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கு. திருவிழா முடிஞ்சு காப்பு அவுக்கிற வரைக்கும் ஊர் எல்லைக்குள்ள பச்சை மரத்துல கத்தி வைக்கக் கூடாது."

"நாங்க வைக்கலையே. இவர் வெளியூர்தானே? இவருக்கு என்ன காப்பு?"

"ஆளு வெளியூரு சார். மரம் இந்த ஊருதானே."

"நாலே மட்டைங்க."

வீரணனின் மனைவி பேச்சியம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தார். "எம் மகனைப் பாக்கப் பொண்ணு வீட்டுல இருந்து வாராக. அவனுக்கே முடி வெட்டாம அனுமாரு மாதிரி உக்காத்தி வச்சிருக்கேன். நீங்க மரத்துக்கு வெட்டணும்கிறீகளே!"

பாண்டி சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை. என்னைத் தனியே அழைத்து, "இவுக வீட்டுக்குப் போகட்டும். அப்புறம் ஏறச் சொல்லிருவோம். நாளைக்கு ஏலம் முடிஞ்ச பிறகு கால்ல விழுந்துக்கலாம்" என்றார்.

சார் கெட்டவர் இல்லை. நாளைய திரை கறுத்துப்போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அண்ணாச்சிக்கு செல்போனில் பேசினேன். முழுவதையும் கேட்டார்.

"நான் சர்ச்சுக்குப் போறவன். எனக்கு அந்தக் காப்பு இல்லை. ஆனா தோப்பு அவுகளுது. நீ அங்கன நிக்கிற, நான் இங்கன உக்காந்திருக்கேன். நீ சொல்றதுதான் ஜோதி, கம்பெனி சொல்றது."

பட்டம் வாங்கிய நாளில்கூட எனக்கு அப்படி ஒரு கனம் நெஞ்சில் ஏறியதில்லை.

வெட்ட வேண்டாம் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே யோசித்தேன். காற்றுக்காலத்தில் எங்கள் வீட்டு ஆட்கள் வாழைக்கு வாழை கயிறு போட்டு இழுத்துக் கட்டுவார்கள். வீரணனிடம் கேட்டேன்: "ஐயா, மட்டையை வெட்டாம, மேல சேத்துக் கட்டி வச்சா?"

அவர் பேச்சியம்மாவைப் பார்த்தார். "கட்டுறதுல என்ன இருக்கு? கொண்டை போட்டு விடுறதுதானே" என்றார் பேச்சியம்மா. எல்லோர் முகமும் தெளிந்தது. சார் என் முதுகில் தட்டாத குறை. பாண்டி காலில் தளைக்கயிறு மாட்டிக்கொண்டு ஏறினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் என் சாமர்த்தியத்தைப் பற்றிய கதையாக இருந்திருக்கும். பாண்டி மரத்தில் பாதி ஏறியபோது மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. மரம் வளைந்தது. ஒரு காய்ந்த மட்டை பிய்ந்து மோட்டார் அறைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் பேச்சியம்மா "ஆத்தா!" என்று அலறினார். பாண்டி மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டிருந்தார். காற்று ஓய்ந்ததும் மேலிருந்தே கத்தினார்: "ஒண்ணுமில்லை! ஏறிருவேன்!"

"பாதி ஏறிட்டான்ல, இன்னும் கொஞ்சம்தான்" என்றார் சார்.

"அண்ணே, எறங்குங்க" என்றேன்.

"என்ன பிள்ள, ஏறுறவன் நானு. பயம் ஒனக்கா?"

"ஆமா, எனக்குத்தான் பயம். எறங்குங்கண்ணே."

கூலிக்கு வந்தவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். வேண்டாம் என்று சொன்னால் நாளை கூப்பிட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். கூலி வீட்டில் பிறந்த எனக்கும் தெரியும். அதனால்தான் அதைக் கீழே நிற்பவர்கள் சொல்ல வேண்டும். நீங்கள் ஒரு நாள் யாரையாவது டவரில் ஏற்றிவிட்டுக் கீழே நிற்பீர்கள். "ஏறிருவேன்" என்று மேலிருந்து வரும் குரலை நம்பி நிற்காதீர்கள்.

பாண்டி இறங்கினார். டவரை உயர்த்தவும் அந்தக் காற்றில் முடியாது. இனி செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. போடிக்குப் போய், நாளைக்குப் படம் வராது என்று சொல்வது.

ஜீப்பில் கோம்பை மலைப்பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்ததை நான் ஒரு ஜன்னலில் பார்த்துக்கொண்டு போனேன், சார் மறு ஜன்னலில் தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏல மண்டபத்துச் செயலாளர் காய் மாதிரியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே கேட்டார். "ஏம்மா, வயர்லெஸ்ஸு, லைவுன்னு பெருசாப் பேசுனீக. கடைசில ஒரு தென்ன மட்டை ஆடுன ஆட்டத்துக்குத் தாங்கலையா ஒங்க கம்பெனி?"

"தாங்கலைங்கய்யா."

"மெட்ராஸ்காரன் இப்படி வந்து சொல்ல மாட்டான்."

"சொல்ல மாட்டாக. நாளைக்குத் திரை கறுத்த பெறகுதான் உங்களுக்குத் தெரியும்."

அவர் உருட்டுவதை நிறுத்தினார். எனக்கு அப்போது காய்கறி மார்க்கெட்காரர் ஞாபகம் வந்ததா, இல்லை வாய்க்கு வந்ததைக் கேட்டேனா, தெரியவில்லை. "ஐயா, கம்பத்துல இருக்கிற தோட்டக்காரக எதைப் பாத்து நிறுத்து, கொடுன்னு சொல்லுவாக? படத்தைப் பாத்தா?"

"படத்துல என்ன இருக்கு? அவுகவுக காய் அவுகளுக்குத் தெரியாதா? வெலையைப் பாத்துத்தான்."

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோப்பை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்: "வெறும் நம்பர்னா அதுக்கு வயர்லெஸ்ஸே வேணாமே. டெலிபோன் லைன் போதும்."

செயலாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை மொதல்லயே ஏன் சொல்லலை?"

ஏன் சொல்லவில்லை? படம் காட்டினால்தான் பெரிய நிறுவனம் என்று நாங்களே நினைத்துக்கொண்டிருந்தோம். கேட்டவர்கள் விலையைத்தான் கேட்டிருந்தார்கள். படம் எங்களுடைய ஆசை.

மறுநாள் சார் போடி மண்டபத்தில் கணினியோடு உட்கார்ந்தார். நான் கம்பத்தில், தோட்டக்காரர்கள் கூடியிருந்த கூடத்தில் திரைக்குப் பக்கத்தில். வயர்லெஸ்ஸை விட்டுவிட்டு, டெலிபோன் லைனில் பழைய மோடத்தைக் கொண்டுபோய் வைத்திருந்தோம். அது இணைப்புப் பிடிக்கும்போது போட்ட சத்தத்தில் ஒருவர், "என்னம்மா, பெட்டிக்குள்ள கொரங்கு கெடக்கா?" என்றார். கூடம் சிரித்தது. திரையில் வெள்ளைப் பக்கம். ஏலத்துக்கு வந்த ஒவ்வொரு காய்க் குவியலின் எண், எடை, விலை. வேறொன்றும் இல்லை.

"படம் காட்டுறோம்னு சொன்னாகளே, எங்கன படம்?"

"ஏலே, படத்தையா யாவாரம் பண்ணப் போற? வெலையைப் பாரு."

விலைகள் வரத் தொடங்கியதும் சத்தம் அடங்கியது. நடுவில் ஒருமுறை லைன் அறுந்தது. மறுபடி குரங்கு கத்தியது, மறுபடி விலை வந்தது. விட்டுப்போன விலைகளும் சேர்ந்து வந்தன. சார் அதையும் யோசித்திருந்தார்.

முன் வரிசையில் ராமையா என்ற தோட்டக்காரர் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு காலை நாற்காலி மேல் வைத்து, எதையும் நம்பாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய குவியல் எண் திரையில் வந்தது. விலை ஏறியது, ஏறியது, நின்றுவிட்டது. அவர் எழுந்தார்.

"இந்த வெலைக்கா? இந்தக் காயை எங்கப்பன் வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்." மண்டபத்துக்கு செல்போனில் பேசினார். "ராமையா பேசுறேன். நிறுத்து. ஆமா, பாத்துக்கிட்டுத்தான்யா இருக்கேன். நிறுத்துன்னா நிறுத்து."

கூடம் முழுவதும் திரையைப் பார்த்தது. விலைக்கு எதிரே 'நிறுத்தம்' என்ற சொல் வந்து விழுந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கம்பத்தில் நின்றுகொண்டு போடியில் ஒரு ஏலத்தைக் கையால் பிடித்து நிறுத்தியது போல இருந்தது. ராமையா உட்காரவே இல்லை. திரும்பித் திரும்பி எல்லோரிடமும், "நிறுத்திட்டேன், பாத்தீகளா? பஸ்ஸு ஏறலை, ஒண்ணும் ஏறலை, நிறுத்திட்டேன்" என்றார்.

ஒப்பந்தம் போட செயலாளர் தேனிக்கே வந்தார். வற்றல் மண்டி மாடிப்படி ஏறியதும் தும்மினார். தும்மி முடித்துவிட்டு, "சரி, காத்து வருசா வருசம் வருமே. அப்ப என்ன செய்வீக?" என்றார்.

காப்பு அவிழ்த்த மறுநாளே வீரணன் தானே ஆள் வைத்து மட்டைகளைக் கழித்துக் கொடுத்திருந்தார். அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் தென்னை மறுபடி மட்டை விடும். காற்றில் நம் டவரும் ஆடும்.

"காத்துக்காலத்துல படம் வராதுங்கய்யா. வெலை வரும். அதை அப்படியே எழுதிக் குடுக்குறோம்."

சார் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். தன்னால் எது முடியாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்த நிறுவனத்தை அவர் பார்த்ததில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், பேனாவை என் பக்கம் தள்ளினார். நான்தான் எழுதினேன். செயலாளர் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கையெழுத்திலிருந்து நாம் வளர்ந்த கதை உங்களுக்குத் தெரியும். மண்டபத்துக்குப் பின்னால் வியாபாரிகள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் வங்கிகள், பள்ளிக்கூடங்கள். கண்ணாடி இழை வந்தது. நீங்கள் வந்தீர்கள்.

எனக்கு நினைவில் நிற்பது அடுத்த வருடத்து ஆடி. முதல் பெரிய காற்று அடித்த நாளில், ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே படம் நின்றது. எழுதிக் கொடுத்திருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. கம்பத்தில் ராமையாவை அழைத்தேன்.

"ஐயா, ஜோதி பேசுறேன், கம்பெனில இருந்து. படம் நின்னுருச்சு, அதான்..."

"தெரியுதும்மா. இங்கனயும் காத்துத்தான்" என்றார் அவர். "வெலை வருது. போனை வை தாயி, அடுத்த குவியல் என்னுது."